பருவத்து முகப்பருவும் பக்குவ மருந்தும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முகத்தில் தெரிவதே அகத்தின் அழகு என்று எண்ணி மயங்கும் வயதொன்று உண்டு. பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட அவ்வயதினரோடு நாள்தோறும் பழகும் பேறு பெற்றவர்கள் ஆசிரியர்கள். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று அம்முகங்களைப் பார்த்து வருகிறேன். மகிழ்ச்சி, சோர்வு, பசி, உறக்கம் ஆகிய அனைத்தையும் முகம் சொல்லிவிடும். ஆனால் அம்முகமே ஒருவருக்குச் சுமையாகிவிடும்போது, அதை அவர் வாய்திறந்து சொல்வதில்லை.

தமிழ்த்துறை மலரில் முகப்பருவைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலையும் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கைக் கூறினார். பிணி உடலை வருத்துவதோடு நில்லாமல், பிறர் முன் நம்மை எளியராக உணரச் செய்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். இந்நூற்பாவை நடத்தும்போதெல்லாம் மாணவியர் முதுமையையும் வறுமையையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஒருமுறை ஒரு மாணவி தன் விடைத்தாளில், "முகத்தில் பரு வந்தவள் வகுப்பில் எழுந்து விடை சொல்லத் தயங்குவதும் இளிவரலே" என்று எழுதியிருந்தாள். அவ்வொரு தொடருக்காகவே முழு மதிப்பெண் வழங்கினேன். இக்கட்டுரைக்கும் அதுவே வித்து.

ராத்தா மகளின் கதை

என் ராத்தாவின் மகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அவள் கன்னங்களில் பரு மிகுந்தது. வருவோர் போவோர் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சளும் சந்தனமும் பூசினாள். எலுமிச்சைச் சாறு தடவி எரிச்சலில் துடித்தாள். பற்பசையைக்கூட வைத்துப் பார்த்தாள். "மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பிள்ளை முகம் இப்படி ஆகிவிட்டதே" என்று ராத்தா புலம்பியது அவள் காதில் விழாமல் இல்லை. இறுதியில் ஒரு மருந்துக்கடையில் சீட்டு ஏதுமின்றிச் சிறிய டியூப் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. வீடே மகிழ்ந்தது.

மகிழ்ச்சி சில வாரங்களே நீடித்தது. தடவுவதை ஒரு நாள் நிறுத்தினாலும் முகம் சிவந்து எரிந்தது. முன்னினும் மிகுதியாகச் சிறு சிறு பருக்கள் தோன்றின. மீண்டும் தடவினால் அடங்கின. ஆறு மாதங்களில் கன்னத்துத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் சிவப்பு நூலிழைகளாக வெளியே தெரியத் தொடங்கின. உறவினர் வீட்டுத் திருமணங்கள் இரண்டிற்கும் அவள் வரவில்லை. நான் நேரில் சென்று கேட்டபோது, "சாச்சி, இதைத் தடவாமலும் வெளியே வர முடியவில்லை; தடவியும் வர முடியவில்லை" என்று கூறி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நூலைக் கையில் எடுத்தவுடன் பதிப்பு விவரம் பார்ப்பது எங்கள் துறையினரின் வழக்கம். மருந்துக்கும் பதிப்பு விவரம் உண்டு. அது மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே பீட்டாமெத்தாசோன் என்றிருந்தது. மறுநாளே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் டியூபைப் பார்த்துவிட்டு, "இது பருவுக்கான மருந்தே அன்று, இது ஸ்டீராய்டு" என்றார். அந்த முகம் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

ஸ்டீராய்டு களிம்பு சில தோல் நோய்களுக்கு நல்ல மருந்து. அது அழற்சியை அடக்கும். இரத்த நாளங்களைச் சுருக்கித் தோலை வெளிறச் செய்யும். அதனால்தான் முதல் வாரத்தில் முகம் தெளிந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் பருவின் காரணத்தை அது தொடுவதில்லை. நாள்பட முகத்தில் பூசினால் தோலை மெலியச் செய்யும். தானே பருவை உண்டாக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பெருகும். இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் நோய்களுக்காக வந்த 2926 பேரை ஆராய்ந்து இந்தியத் தோல் மருத்துவர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைவர் அளவினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். அந்த 433 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பருவுக்காகவே அதைப் பூசினர். 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் கீழ்க் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது என்பதற்காக நாம் எழுத்தைப் படிக்காமல் இருத்தல் ஆகாது.

பரு தோன்றும் விதம்

பரு என்னும் சொல் பருத்தல் என்னும் வினையை நினைவூட்டுகிறது. தோலில் நிகழ்வதும் அதுவே. மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இணைந்துள்ளது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் மிகும்போது அச்சுரப்பி பெரிதாகி மிகுதியாக எண்ணெய் சுரக்கிறது. இவ்வியக்குநீர் ஆண், பெண் இருபாலாரிடத்தும் உண்டு. அதே வேளையில் மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய தோலணுக்கள் உதிராது ஒட்டிக்கொண்டு அடைப்பை ஏற்படுத்துகின்றன. அடைபட்ட எண்ணெயில், இயல்பாகவே நம் தோலில் வாழும் நுண்ணுயிர் ஒன்று பெருகுகிறது. நெடுங்காலம் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என வழங்கப்பட்ட அதற்கு 2016இல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர் மாற்றினர். உடல் அதனை எதிர்க்க, அழற்சி எழுகிறது, சிவக்கிறது, சீழ் கட்டுகிறது.

ஆகவே எண்ணெய், அடைப்பு, நுண்ணுயிர், அழற்சி என நான்கும் கூடிய வினையே பரு. அழுக்கால் பரு வருகிறது என்பது பொய். முகம் கழுவாதவள் என்று ஒரு பெண்ணை ஏசுவது அறியாமை. மாறாகச் சோப்புப் போட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவுவதால் தோல் வறண்டு, அழற்சி மிகும். ஐவேளைத் தொழுகைக்கு ஒளுச் செய்யும் நம் பிள்ளைகள் வெறும் நீரால் முகம் கழுவுவதில் தீங்கில்லை. ஒவ்வொரு முறையும் சோப்பு எடுப்பதுதான் தீங்கு. நாளைக்கு இருமுறை மென்மையான சோப்போ முகம் கழுவும் நீர்மமோ போதும். தலைக்குப் பூசும் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அவ்விடத்தில் பரு தோன்றும்.

மருந்தின் வகை அறிதல்

பருவுக்கெனப் பூசப்படும் ஜெல்கள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேலுள்ள பெரிய பெயரை விட்டுவிட்டு உள்ளே உள்ள மருந்தின் பெயரைப் பார்த்தால், பெரும்பாலும் அவை மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது பென்சாயில் பெராக்சைடு. இது நுண்ணுயிரைக் கொல்லும். அடைப்பையும் ஓரளவு நீக்கும். இம்மருந்தை நுண்ணுயிர் எதிர்த்துப் பழகிக்கொள்வதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. 2.5, 5, 10 சதவீதம் என மூன்று வலிமைகளில் கிடைக்கிறது. பெரிய எண்ணே சிறந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2.5 சதவீதமே ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்றும், 10 சதவீதம் எரிச்சலையே மிகுவிக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடங்குவோர் சிறிய எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது அடாப்பலீன். இது வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு என்னும் குழுவைச் சேர்ந்தது. மயிர்க்கால் வாயின் அடைப்பை நீக்கிப் புதிய பரு தோன்றாமல் தடுப்பது இதன் பணி. இக்குழுவின் மூத்த மருந்தாகிய டிரெட்டினோயினைவிட இது தோலுக்கு மென்மையானது. அமெரிக்காவில் 1996இல் ஒப்புதல் பெற்ற இதன் 0.1 சதவீத ஜெல்லை, 2016 முதல் அந்நாட்டில் மருத்துவர் சீட்டின்றியே விற்கின்றனர்.

மூன்றாவது கிளிண்டாமைசின். இது நுண்ணுயிர்க்கொல்லி. இதனைத் தனியே நெடுநாள் பூசினால் நுண்ணுயிர் அதற்கு அடங்காததாகிவிடும். ஆதலின் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே இதனைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறி. இதை நாமே கடையில் கேட்டு வாங்காமல், மருத்துவர் சொல்லும் காலம் வரை மட்டும் பயன்படுத்துதல் நலம்.

பெட்டியில் பீட்டாமெத்தாசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் எழுதித் தராமல் அதனை முகத்திற்கு அருகில் கொண்டுசெல்லவே வேண்டா. இம்மூன்று பெயர்களையும் என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பூசும் முறை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இம்மருந்துகளுக்கு மிகவும் பொருந்தும். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். மிகுதியாகப் பூசினால் விரைவில் குணமாகாது; தோல்தான் உரியும்.

முதன்முறை வாங்கியவுடன் முகம் முழுதும் பூசலாகாது. பரு உள்ள ஓரிரு சிறு இடங்களில் மட்டும் மூன்று நாள் பூசிப் பார்க்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் ஆகியவற்றைக் கொண்ட பொருள்கள் மிக அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2014இல் எச்சரித்து, இம்முறையையே பரிந்துரைத்தது. முகமோ உதடோ நாக்கோ வீங்கினால், தொண்டை இறுகினால், மூச்சுத் திணறினால் உடனே மருந்தைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரவே ஏற்ற நேரம். இஷாத் தொழுகைக்குப் பின், வேறு வேலை ஏதுமின்றிப் படுக்கச் செல்லும் முன், முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முற்றும் உலர்ந்த பின் பூசலாம். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் மிகும். நெற்றி, இரு கன்னங்கள், மோவாய் ஆகிய இடங்களில் புள்ளி புள்ளியாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகிய மூன்றிடங்களையும் விலக்க வேண்டும். வெடித்த தோலிலும் காயத்திலும் படலாகாது. பூசியபின் கைகழுவ மறக்கலாகாது. காலையில் முகம் கழுவும்போது மருந்து நீங்கிவிடும்.

அடாப்பலீன் பரு எழுந்த இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போல் வைக்கும் மருந்தன்று. இன்னும் வெளித் தோன்றாத பருவையும் தடுப்பது அதன் வேலையாதலின், பரு வரும் பகுதி முழுமைக்கும் மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுதல் நன்று. தோல் பழகிய பின் நாள்தோறும் பூசலாம். வறட்சி தோன்றினால் எண்ணெய்ப் பசையற்ற ஈரப்பதக் களிம்பைத் தடவலாம்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பரு மறைந்த இடத்தில் கரிய தழும்பு மாதக்கணக்கில் தங்குவது நம்மவரிடையே மிகுதி. மருந்தால் எரிச்சல் ஏற்பட்டாலும் அதே கருமை படியும். ஆகவே "எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்னும் பேச்சை நம்பலாகாது. சற்றே எரிச்சலும் உரிதலும் தொடக்கத்தில் இயல்பு. தாங்க முடியாமல் எரிந்தால் சில நாள் நிறுத்திவிட வேண்டும். இம்மருந்துகளைப் பூசுவோர் பகலில் வெயில் காப்புக் களிம்பு பூசுதலும் வேண்டும். அடாப்பலீன் பூசுவோர்க்கு இது இன்றியமையாதது.

வீட்டுப் பெண்கள் அறியவேண்டிய செய்தி மற்றொன்று. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். நீலத் தலையணை உறையில் வெள்ளைத் திட்டுகள் தோன்றுவது கண்டு வண்ணாரைக் குறை சொல்ல வேண்டா. வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் பயன்படுத்தினால் இத்தொல்லை இல்லை. இம்மருந்தை வெப்பத்திலும் வைக்கலாகாது. சூட்டில் சிதைந்தால் இதிலிருந்து பென்சீன் என்னும் நச்சுப் பொருள் உண்டாகக்கூடும். அமெரிக்க மருந்து நிருவாகம் 95 பொருள்களை ஆராய்ந்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு; அளவு மிகுந்திருந்த சிலவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றனர். அஞ்ச வேண்டியதில்லை, வெயில் படும் சன்னலோரத்தில் வைக்காமலும், காலாவதியான டியூபைத் தூக்கி எறியத் தயங்காமலும் இருந்தால் போதும்.

பொறுமை என்னும் மருந்து

ஸ்டீராய்டு ஒரு வாரத்தில் முகத்தைப் பளபளக்கச் செய்கிறது. உண்மையான மருந்தோ மெல்ல நடக்கிறது. பென்சாயில் பெராக்சைடின் பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அடாப்பலீனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். அதன் முதல் சில வாரங்களில் பரு மிகுவது போலவும் தோன்றும். பெரும்பாலோர் மருந்தைக் கைவிடுவது அப்போதுதான். இந்த வேகத்தின் வேறுபாடே பிள்ளைகளைத் தவறான டியூபின்பால் ஈர்க்கிறது. பரு அடங்கிய பின்னும் மருத்துவர் சொல்லும் வரை தொடர்ந்தால்தான் அது மீண்டும் தலைதூக்காது.

எல்லாப் பருவும் ஜெல்லுக்கு அடங்குவதில்லை. ஆழமாகக் கட்டிபோல் எழுந்து வலிப்பது, குழித் தழும்பு விடுவது, மூன்று மாதம் முறையாகப் பூசியும் குறையாதது ஆகியவற்றிற்குத் தோல் மருத்துவரே துணை. குழிந்த தழும்பு எளிதில் மாறாது. அது விழுமுன் செல்வதே அறிவுடைமை. பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்மையும், மோவாயில் மிகுதியான முடி வளர்ச்சியும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்போரும் கருத்தரிக்க விரும்புவோரும் அடாப்பலீன் முதலிய ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும். அதே குழுவின் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கருவுக்குக் கடுமையான ஊனம் விளைவிக்க வல்லது. திருமணம் நிச்சயமான பெண்ணுக்கு முகம் தெளிய வேண்டும் என்று மருந்து தேடும் தாய்மார்கள் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

பெரியோருக்கு ஒரு வேண்டுகோள்

ராத்தா மகளைத் தவறான மருந்துக்குத் தள்ளியது பரு அன்று. "என்னம்மா முகத்தில்?" என்று வீட்டு வாசலிலும் விருந்துப் பந்தியிலும் கேட்கப்பட்ட கேள்வியே தள்ளியது. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்பதை எவரினும் நன்கு அறிந்தவள் அவளே. நாளைக்குப் பத்துமுறை கண்ணாடி அவளுக்குச் சொல்லிவிடுகிறது. நாமும் சொல்ல வேண்டுமா? அக்கறை உடையோர் அவளைத் தனியே அழைத்து, "மருத்துவரிடம் போவோமா?" என்று கேட்கலாம். அக்கேள்வியில் துணை இருக்கிறது. முந்தைய கேள்வியில் அது இல்லை.

மாணவச் செல்வங்களே! பரு வருவது குற்றமன்று. அதற்கு மருந்து தேடுவது வீண் ஆசையுமன்று. பல் வலித்தால் மருத்துவம் செய்துகொள்கிறோம். தோலுக்கும் அவ்வுரிமை உண்டு. வேண்டுவன இரண்டே. வாங்கும் முன் டியூபின் சிறிய எழுத்தைப் படியுங்கள். பூசத் தொடங்கிய பின் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். அந்தப் பன்னிரண்டு வாரமும் வகுப்புக்கு வாருங்கள். எழுந்து நின்று விடை சொல்லுங்கள். முகம் தெளியும்வரை வாழ்க்கையை ஒத்திவைக்க வேண்டியதில்லை.